நண்டுக்கு வலி தெரியாது

பிடித்த கையைப் பிடித்தவனிடமே கொடுத்துவிட்டுப் போய்விடும். அழாது, கத்தாது, திருப்பிக் கேட்காது. கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அதே இடத்தில் புதுக் கை இருக்கும். அது என்ன? சொல்லுங்கள் தம்பி, பார்ப்போம்.

பல்லியா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பல்லி கொடுப்பது வால். நான் கேட்டது கை. மெதுவாக யோசியுங்கள். வண்டி எடுக்க நேரம் இருக்கிறது. டிரைவர் இப்போதுதான் டீக்கடைக்குள் போகிறார்.

அந்தப் பையை மட்டும் நகர்த்த வேண்டாம். ஜன்னல் ஓரம் என் மகளுக்கு. அவளுக்கு ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் ஊர் போய்ச் சேரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நீங்கள் இந்தப் பக்கம் உட்காருங்கள், மூன்று பேர் சீட்டுதானே. எங்கே அவள் என்று பார்க்கிறீர்களா? சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் விடுகதை.

தெரியவில்லையா? நண்டு, தம்பி. நண்டு!

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை என் பண்ணைக்குக் கூட்டி வருவார்கள். அப்போது இந்த விடுகதையைத்தான் முதலில் போடுவேன். நூறு பிள்ளைகள் வந்தால் தொண்ணூறு ‘பல்லி’ என்று கத்தும். என் மகள் செவ்வந்தி அப்போது சின்னப் பிள்ளை, என் பின்னாலேயே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கு விடை தெரியும் அல்லவா.

முத்துப்பேட்டைப் பக்கம், அலையாத்திக் காட்டை ஒட்டி எனக்கு நண்டுப் பண்ணை. சேற்று நண்டு. விலங்கியலில் எம்.எஸ்ஸி. படித்தவன் நான். ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, கைடோடு ஒத்துவராமல் விட்டுவிட்டேன். விட்டது பட்டத்தைத்தான், ஆராய்ச்சியை இல்லை. ஒரு குளம் நிறைய, மிதக்கிற பிளாஸ்டிக் பெட்டிகள். பெட்டிக்கு ஒரு நண்டு. அது எப்போது சட்டை உரிக்கும் என்று காத்திருப்பதுதான் வேலை. உரித்த கையோடு எடுத்தால் உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும், ஓடோடு அப்படியே பொரித்துச் சாப்பிடலாம். ‘சாஃப்ட் ஷெல்’ என்று பெரிய ஓட்டல்களில் கேட்டு வாங்குகிறார்கள். கொஞ்சம் அசந்துவிட்டால் தண்ணீரைக் குடித்து உடம்பு ஊதி, ஓடு இறுகிவிடும். அப்புறம் அது சாதாரண நண்டு.

தானாக உரிக்கும் என்று விட்டால் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதற்குத்தான் குறடு.

முகத்தைச் சுளிக்காதீர்கள். கேளுங்கள். காலின் நடுவில் குறடால் ஓர் அழுத்து. ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்வதில்லை. நண்டு உடம்பை ஓர் உலுக்கு உலுக்கும். கால் உடம்போடு சேருகிற இடத்தில் ‘டக்’கென்று கழன்று, என் குறட்டில் தொங்கும். கழன்ற பிறகும் கொஞ்ச நேரம் அது மடங்கி மடங்கி நீளும். நன்றாகக் கவனியுங்கள்: நான் வெட்டவில்லை. அதுவாகக் கழற்றிப் போட்டது. வெட்டினால் நீல இரத்தம் வழிந்து செத்துப்போகும். அதுவாகப் போட்டால் உள்ளே ஒரு சவ்வு கதவு மாதிரி மூடிக்கொள்ளும். அப்படி ஒரு ஏற்பாடு. இரண்டு கொடுக்கு, ஓடுகிற கால்கள், எல்லாம் போய்விடும். பின்னால் துடுப்பு மாதிரி இருப்பதை மட்டும் விட்டுவைப்பேன். சோற்றுப் பானை மூடி மாதிரி பெட்டிக்குள் மிதந்து கிடக்கும்.

இதில் ஓர் அதிசயம் இருக்கிறது. ஒரு கால், இரண்டு கால் போனால் நண்டு கண்டுகொள்ளாது. இருக்கிற காலை வைத்துக்கொண்டு நடமாடும். நிறையப் போன பிறகுதான், இனிமேல் இந்தச் சட்டையில் இருக்க முடியாது என்று முடிவெடுத்ததுபோல, வேளை வருவதற்கு முன்பே உரித்துக்கொண்டு வெளியே வரும். எத்தனை போயிற்று என்று அது எப்படி எண்ணுகிறது? மூளை என்று எடுத்தால் கடுகளவு. ஏதோ ஒரு சுரப்பு என்கிறார்கள். அது எங்கே ஊறுகிறது, எப்படிக் கணக்கு வைக்கிறது, முழுசாகச் சொன்னவர் யாரும் இல்லை. ஒரு நண்டைக் காட்டி இதற்கு என்ன வயது என்று கேளுங்கள். அதையும் திட்டமாகச் சொல்ல ஆளில்லை. உரிக்கும்போது ஓட்டோடு வயிற்றுக்குள் இருக்கிற பல்லையும் சேர்த்துக் கழற்றிவிடும் ஜாதி அது. பழைய தழும்பு ஒன்றும் மிஞ்சாது. நிலாவுக்கு ஆள் அனுப்புகிறோம், நாம் தின்கிற நண்டைப் பற்றி நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

செவ்வந்தி ஒரு நாள் கேட்டாள். குறட்டை நான் அழுத்தும்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“அப்பா, இதுக்கு வலிக்காதா?”

“நண்டுக்கு வலி தெரியாதும்மா.”

சும்மா போக வேண்டியதுதானே? போகவில்லை. குந்தி உட்கார்ந்து, பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்.

“நண்டுக்கு வலி தெரியாதா? இல்ல, நண்டுக்கு வலிக்குதான்னு நமக்குத் தெரியாதா?”

எனக்குப் பெருமையாக இருந்தது, தம்பி. என் இரத்தம்! நல்ல கேள்வி என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து படித்தேன். மின்சாரம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடிபட்ட இடத்தை நண்டு தடவிக்கொள்கிறது, ஒரு முறை சூடுபட்ட பொந்துக்கு மறுபடி போக மறுக்கிறது, அதனால் வலி இருக்கலாம் என்கிறார்கள் சிலர். அதெல்லாம் உடம்பு தானாகச் செய்வது, அதை வலி என்று சொல்ல முடியாது என்கிறார்கள் வேறு சிலர். அவர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. சரி, ஓயட்டும். அதுவரைக்கும் நாம் என்ன செய்வது? நிரூபிக்காத விஷயம் இல்லாத விஷயம்தான். அறிவியல் அப்படித்தான் வேலை செய்யும். இதைச் செவ்வந்திக்கு விளக்கமாகச் சொன்னேன்.

அதற்கு அவள், “அப்ப நிரூபிக்கிற வரைக்கும் கால் கழட்டாம இருக்கலாமேப்பா” என்றாள்.

பிள்ளைக்குக் குதர்க்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் இருந்து வருகிறது. என் மனைவி வசுமதி அப்படித்தான் பேசுவாள். குரலை உயர்த்த மாட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே ஒன்று சொல்லுவாள், அது போய்க் குத்தும்.

உதாரணம் சொல்கிறேன். சேற்று நண்டில் பெட்டை சட்டை உரிக்கப் போகிற நேரம் வந்தால், ஆண் அதைத் தன் அடியில் போட்டு, கால்களால் வளைத்துப் பிடித்துக்கொள்ளும். நாள் கணக்கில் அப்படியே தூக்கிக்கொண்டு அலையும். வேறு நண்டு கிட்டே வந்தால் கொடுக்கைப் பிய்த்துவிடும். ஒருமுறை பார்த்தேன், வந்தவனின் கண்ணைக் காம்போடு கிள்ளி எறிந்தது. புத்தகத்தில் இதற்குப் பெயர் காவல். உரித்த உடம்போடு பெட்டை கிடக்கும்போது யாரும் தின்றுவிடக் கூடாது அல்லவா? நானும் பண்ணைக்குப் போகும்போது வெளிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு போவேன். எங்கள் வீடு ஊருக்குத் தள்ளி, உப்பங்கழியை ஒட்டி இருக்கிறது, கண்டவனும் நடமாடுகிற இடம். வசுமதி ஒரு நாள் கேட்டாள், “எதுக்குங்க பூட்டுறீங்க?” நான் பொறுமையாக ஆண் நண்டு, பெட்டை நண்டு எல்லாம் சொன்னேன். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, “அந்தப் பொட்டச்சியைக் கேட்டாங்களாமா, காவல் வேணுமான்னு?” என்றாள்.

நான் படித்த வரையில் அதை யாரும் சரியாக ஆராயவில்லை. அதைத்தான் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. ஒரே ஓர் அறை. கையில் இருந்த கத்தி அவள் கட்டை விரலில் இறங்கி, வெங்காயமெல்லாம் சிவப்பாகிப்போயிற்று. அதற்கு நான் என்ன செய்வது? கத்தி அவள் கையில் இருந்தது.

அப்புறம் காதுக்குள் அலை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “எப்படிம்மா ஆச்சு?” என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். “தெரியலைங்க” என்றாள். அவளுக்கே தெரியவில்லை! அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதே வசுமதி இன்றைக்குக் கோர்ட்டில், இடது காது கேட்காது என்று சொல்கிறாள்.

ஆமாம், கோர்ட்டுக்குத்தான் வந்தேன். பிள்ளை யாரிடம் இருப்பது என்று கேஸ். இன்றைக்கு ஜட்ஜம்மா பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். வருகிறேன், அதற்கும் வருகிறேன்.

“சார், பையைத் தூக்கி மேல போடுங்க. ஆளுங்க நிக்கிறாங்க.”

பார்த்தீர்களா, கண்டக்டர் வந்துவிட்டான். இருப்பா, ஆள் இருக்கு.

“எங்க இருக்கு? பைதான் இருக்கு.”

வண்டி எடுக்கும்போது வந்து கேள். போ.

இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. எங்கே விட்டேன்? மரகதத்தைப் பற்றிச் சொல்லவில்லை இல்லையா? பெட்டிகளுக்கு இரை போடுகிற பெண். ஒரு நாள் கொடுக்கு முழுசாக இருக்கிற பெரிய கடுவன் நண்டு ஒன்று அவள் சுட்டு விரலைக் கவ்விவிட்டது. அலறிக்கொண்டு இழுத்தாள். “இழுக்காதே, கையைத் தண்ணிக்குள்ள விடு, சும்மா இரு” என்று கத்துகிறேன், கேட்கவில்லை. இழுக்க இழுக்க பிடி இறுகி, நகத்துக்குக் கீழே எலும்பு தெரிந்தது. கடைசியில் கொடுக்கைக் கல்லில் வைத்து நான்தான் நசுக்கினேன். ஓடும் சதையும் தெறித்து என் சட்டையெல்லாம் ஆயிற்று. விரல் வளைந்தே நின்றுவிட்டது அவளுக்கு. நண்டு பிடித்தால் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும், தானாக விட்டுவிடும். இதை என் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிடித்தது யாராக இருந்தாலும் அதே விதிதான். சும்மா இருந்தால் விட்டுவிடுவார்கள்.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

செவ்வந்தி ஒரு நண்டைத் திருடி வைத்திருந்தாள். திருட்டு என்றுதான் சொல்வேன். குளியலறைக்குப் பின்னால், பெயிண்ட் வாளியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே பழைய முறத்தைப் போட்டு மூடி. நல்ல கனத்த நண்டு, எல்லாக் காலும் முழுசாக. அதற்குக் கலெக்டர் என்று பெயர். முறத்தைத் தூக்கியதும் அது இரண்டு கொடுக்கையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்குமாம், மேடையில் கலெக்டர் கும்பிடுகிற மாதிரி. மரகதம்தான் இதை எனக்குச் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள். “பாப்பா கலெக்டருக்குக் கருவாடு குடுக்குதுங்க, தட்டுல வச்சு!”

எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தேன். காலை வெயில், நல்ல வெளிச்சம். செவ்வந்தி பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அப்பா, இது ஒண்ண மட்டும் விட்டுடுங்கப்பா.”

“விடலாம். காலைக் கழட்டிட்டுப் பெட்டியில விடலாம்.”

“இதுவா உரிக்கட்டும்ப்பா. நான் பார்த்துக்கறேன்.”

அறிவியல் குடும்பத்துப் பிள்ளை இப்படிப் பயந்தால் எப்படி? பயத்தைப் போக்க ஒரே வழி, கையில் வேலையைக் கொடுப்பதுதான். குறட்டை அவள் கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கி மூடினேன். “நீயே பண்ணு. உனக்கே புரியும், அதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு.” மாட்டேன் என்றாள். குறட்டைக் குளத்துக்குள் வீசினாள்.

வசுமதி வீசியிருந்தால் நான் இவ்வளவு பொறுமையாக இருந்திருக்க மாட்டேன். இடுப்பில் இன்னொரு குறடு எப்போதும் வைத்திருப்பேன். அதை எடுத்து மறுபடி அவள் உள்ளங்கையில் வைத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நண்டின் காலுக்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டைத்தான் பிடித்தேன், தம்பி. பிடிப்பது அடிப்பதில் சேராது. அவள் உதறினாள். “சும்மா இரு” என்றேன். சும்மா இருந்திருக்கலாம். என்னைக் கடித்தாள், பாருங்கள், இங்கே தழும்பு இருக்கிறது. கடித்துக்கொண்டே உடம்பை முறுக்கித் திரும்பினாள்.

‘டக்.’

நாளெல்லாம் கேட்கிற சத்தம் அது. ஒரு விநாடி நான் நண்டுதான் காலைப் போட்டது என்று நினைத்தேன். குனிந்து பார்க்கிறேன், கலெக்டர் முழுசாகக் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

நான் முறிக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பியது அவள்.

அழவே இல்லை, தம்பி. ஒரு சத்தம் இல்லை. கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, என்னையே பார்த்தபடி பின்பக்கமாக நடந்து போனாள். வலித்தால் பிள்ளை அழுமா, அழாதா? அழவில்லை. அதனால் சுளுக்கு என்று நினைத்தேன். நான் குளத்தில் இறங்கி முதல் குறட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வீட்டுக்கு வரும்போது யாரும் இல்லை. கேட்டின் பூட்டை அம்மிக் குழவியால் அடித்து உடைத்திருந்தாள் வசுமதி. இத்தனை வருஷம் வெளியே யாரிடமும் வாயைத் திறக்காதவள்! அன்றைக்கு அவளை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கை ஓங்கவில்லை. இதைவிடப் பெரிய சண்டையெல்லாம் நடந்திருக்கிறது, அப்போதெல்லாம் மறுநாள் காலையில் எழுந்து காப்பி போட்டவள்தான். ஏன் அன்றைக்குப் பார்த்துக் கிளம்பினாள்? இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் அனுப்பவில்லை. அவளாகப் போனாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவள் அண்ணன் என் சட்டையைப் பிடித்தான். மச்சான் முறை, தாலி கட்டும்போது பக்கத்தில் நின்றவன். ஊர் பார்க்க, “என் தங்கச்சி மகளுக்குக் கை முளைக்குமாடா, நண்டுக்கார நாயே?” என்று மூக்கில் குத்தினான். மூக்கு உடைந்தது. அந்த வலி எனக்குத் தெரியும், தம்பி! மாதக்கணக்கில் மூச்சு விட முடியாமல் கிடந்தேன். அவன்மேல் கேஸ் இருக்கிறதா? இல்லை. என்மேல் இருக்கிறது. அவர்கள் வக்கீல் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எலும்பு திருகி உடைந்திருக்கிறது, யாரோ முறுக்கினால்தான் இப்படி உடையும் என்கிறார். நான் எழுந்து சொன்னேன்: “எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். யார் திரும்பினாங்கன்னு காட்டுமா?” அவர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் பக்க நியாயம் அப்படி.

இன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். வெறும் கையோடு வரவில்லை. அந்தப் பைக்குள் ஒரு அட்டைப் பெட்டி இருக்கிறது, பஞ்சு வைத்து. திறந்து காட்டுகிறேன், மெதுவாக, மூச்சு படாமல் பாருங்கள்.

கலெக்டர்.

பயப்படாதீர்கள். ஓடுதான். அவர்கள் போன பிறகு அந்த வாளியை நான் தொடவில்லை, கால் கழற்றவில்லை. பிள்ளை ஆசைப்பட்டாள் என்று அப்படியே விட்டேன். மரகதம்தான் இரை போட்டாள். போன மாதம் தானாக உரித்தது. முதுகுப் பக்கம் பிளந்து, பின்பக்கமாக நெளிந்து நெளிந்து வெளியே வந்தது. கொடுக்கு, கால் நுனி, கண்ணுக்கு மேல் இருக்கிற கண்ணாடி மாதிரித் தோல், மீசை மயிர் வரைக்கும், ஒன்றும் உடையாமல் கிடைத்தது. இவ்வளவு சுத்தமான சட்டை என் பண்ணையில் விழுந்ததே இல்லை. காயவைத்து, வார்னிஷ் அடித்து, செவ்வந்திக்காக எடுத்துவந்தேன்.

நண்டா? எந்த நண்டு? ஓ, அதுவா. உரித்த நண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்ல எடை, கால் எல்லாம் முழுசு. எடுத்த கையோடு ஐஸில் போட்டேன். அதற்காகத்தானே பண்ணை?

ஜட்ஜம்மா ரூமில் முதலில் செவ்வந்தியை மட்டும் வைத்துப் பேசினார்கள். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். பிள்ளை உயர்ந்துவிட்டாள். கை நேராகச் சேரவில்லை, முழங்கைக்குக் கீழே லேசாக ஒரு வளைவு. சட்டைக் கையை இழுத்து இழுத்து அதை மூடிக்கொண்டே இருந்தாள்.

ஜட்ஜம்மா நல்ல மாதிரி. “பயப்படாம சொல்லும்மா. அப்பா வேணும்னே செஞ்சாரா?” என்று கேட்டார்கள்.

செவ்வந்தி மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பாவுக்குத் தெரியாதுங்க.”

கேட்டீர்களா? என் வாயால் இல்லை, பிள்ளை வாயால்! எனக்குத் தெரியாமல் நடந்தது என்று அவளே சொல்கிறாள். “பார்த்தீங்களாம்மா, பார்த்தீங்களா?” என்றேன். ஜட்ஜம்மா என்னைப் பார்த்தார்கள். வசுமதி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். தோற்றுவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். அந்த நம்பிக்கையில்தான் தம்பி, அட்டைப் பெட்டியைத் திறந்து செவ்வந்தி முன்னால் வைத்தேன்.

அவள் முகம் மலர்ந்தது. உண்மையாகச் சொல்கிறேன், மலர்ந்தது. நல்ல கையின் சுட்டு விரலால் கொடுக்கு நுனியைத் தொட்டாள்.

“உரிச்சிடுச்சாப்பா? இதுவாவா?”

“இதுவாதான். நான் கையே வைக்கல.”

“கலெக்டர் எங்கப்பா இப்ப? பெருசா ஆயிட்டானா?”

பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. பிள்ளைகளிடம் எதையும் மறைக்கக் கூடாது. ஐஸில் போட்டதையும், பெட்டி கட்டி அனுப்பியதையும் விவரமாகச் சொன்னேன். குளிரில் நண்டு தூங்கிவிடும், அதற்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னேன்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். மூடியை எடுத்து அட்டைப் பெட்டியின் மேல் சரியாகப் பொருத்தி, என் பக்கம் தள்ளி வைத்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. அழாமல் இருப்பது என்னைப்போல.

அதோ, டிரைவர் ஏறிவிட்டார். கண்டக்டர் வருகிறான். இருங்கள், அவன் கேட்பதற்கு முன்னால் நானே எடுத்துவிடுகிறேன், பை என் மடியில் இருக்கட்டும். நீங்கள் ஜன்னல் ஓரம் தள்ளி உட்காருங்கள். காற்று வரும். பரவாயில்லை, உட்காருங்கள்.

ஜட்ஜம்மா கடைசியாக ஒரு தடவை கேட்டார்கள். அம்மாவிடம் இருப்பதாகச் சொன்னாள். மாதத்தில் ஒரு நாள் அப்பா வந்து பார்க்கலாமா என்று கேட்டார்கள். வரலாம் என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, இதே ரூமில், நடுவில் இந்த மேசை இருக்க வேண்டும் என்றாள்.